முள்ளும் ருசியும்

கத்தரிக்காயின் முள்ளுக்கும் ருசிக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி கொஞ்ச காலமாக என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. சந்தையில் முள் கத்தரியைக் கூறு கட்டி விற்கிறவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. முள் போனால் ருசி போய்விடும் என்பார்கள், அவ்வளவுதான். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பக்கத்துக் காயைச் சாப்பிட்டுப் பழகியவர்களிடம் அதன் அருமையைக் கேட்டால் முள்ளைச் சொல்லாமல் ருசியைச் சொல்ல அவர்களுக்கு வராது. காம்பில் முள், தண்டில் முள், இலையின் நடு நரம்பிலும் முள். பறிக்கும்போது விரலில் ஏறிய முள் ராத்திரி வரைக்கும் கடுக்கும். இவ்வளவு வலிக்கு ஒரு பலன் இருந்தே ஆகவேண்டும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறதோ என்பதுதான் என் சந்தேகம். என் கொல்லையில், வேலூர்ப் பக்கத்து உறவினர் கொடுத்த முள் கத்தரிக்கும் எங்கள் ஊர்ப் பச்சை வரிக் கத்தரிக்கும் பிறந்த கூட்டத்தில், முள்ளே இல்லாத செடி ஒன்று நிற்கிறது. காய் திரட்சியாக இருக்கிறது. எண்ணெயில் போட்டால் தோல் தனியாகப் பிரியாமல் குழைகிறது. சொத்தையும் குறைவு. ஆனாலும் சாப்பிட்டு எழுந்தபிறகு ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருக்கிறது. அந்தக் குறை காயில் இருக்கிறதா, முள் இல்லாத காயைத் தின்றோம் என்ற என் நினைப்பில் இருக்கிறதா? இது தெரியாமல் அந்தச் செடியை விதைக்கு விடவும் முடியவில்லை, விடாமல் இருக்கவும் முடியவில்லை.

வீட்டில் புது ரகம் உருவாக்குவது என்றதும் இரண்டு செடிகளைக் கலப்பதுதான் பெரிய வித்தை என்று நினைக்கிறோம். கலப்பது சில நிமிட வேலை. மறுநாள் விரியப்போகிற மொட்டை முதல் நாள் சாயங்காலமே பிடித்துவிட வேண்டும். வாய் திறக்காத ஊதா இதழ்களை ஊசி முனையால் விலக்கினால், உள்ளே மஞ்சள் மகரந்தப் பைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கூம்பாக நிற்கும். ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். நடுவில் நிற்கிற பச்சைச் சூல்முடியில் இடுக்கி பட்டுவிடக் கூடாது. எல்லாப் பூவும் இதற்கு ஆகாது. கத்தரியில் சூல்தண்டு நீண்டு மகரந்தப் பைகளுக்கு மேலே தலை நீட்டும் பூவும் உண்டு, உள்ளேயே குட்டையாக நின்றுவிடும் பூவும் உண்டு. குட்டைப் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். மறுநாள் காலையில் தகப்பன் செடியின் மகரந்தப் பை ஒன்றைக் கீறி, தூளைக் கட்டைவிரல் நகத்தில் தட்டிக்கொண்டு, சூல்முடியில் ஒற்றினால் முடிந்தது. அடையாளத்துக்கு நூல் கட்டி, பழைய வேட்டியில் தைத்த சின்னப் பையை மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் கருவண்டு முந்திக்கொள்ளும். கத்தரிப் பூவின் மகரந்தம் பையின் நுனியில் இருக்கிற துளை வழியாகத்தான் வெளியே வரும், சும்மா வந்து உட்காருகிற பூச்சிக்கு அவ்வளவாகக் கிடைக்காது. கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பறக்காமலேயே உடம்பை அதிரவைக்கும். அதுவரை தாழ்ந்திருந்த ரீங்காரம் சட்டென்று சுருதி ஏறும். அந்த நொடியில் வண்டின் வயிற்றில் மஞ்சள் தூள் கொட்டும். பூ கனத்தில் தொங்கி ஆடும். கலக்கிற வேலையை ஊருக்கு ஊர் இந்த வண்டு எந்தக் காலத்திலிருந்தோ செய்துவருகிறது. எது இருக்கட்டும், எது போகட்டும் என்று சொல்கிற வேலைதான் மனிதனுடையது. அந்த இடத்துக்கு வந்ததும் எனக்குக் கை தயங்குகிறது.

கலந்த காயை இரண்டு மாதம் போலச் செடியிலேயே விட்டு, மஞ்சளாகப் பழுத்து தோல் தொய்ந்தபிறகு அறுத்து, தண்ணீரில் பிசைந்தால் முற்றிய விதை அடியில் தங்கும். நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி வைத்து அடுத்த பட்டத்தில் நாற்று விட்டால், முதல் தலைமுறை எல்லாம் ஒரே ஜாடையில் வரும். சந்தையில் கிடைக்கிற வீரிய ஒட்டு ரகம் என்பது இந்த முதல் தலைமுறைதான். அந்த விதையை எடுத்துப் போட்டால் ரகம் நிற்காது என்று கடைக்காரர் சொல்வது உண்மை. ஆனால் ரகம் நிற்காமல் சிதறுகிற அந்த இடத்தில்தான் வீட்டுத் தோட்டக்காரனுக்கு வேலை ஆரம்பிக்கிறது. உருண்டை, நீளம், ஊதா, வெளிர்ப் பச்சை, உடம்பெல்லாம் முள், காம்பில் மட்டும் முள் என்று தாத்தா பாட்டி வழிக் குணமெல்லாம் அடுத்த தலைமுறையில் எழுந்து வரும். மெண்டல் 1856 முதல் 1863 வரை தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை வைத்து இதைத்தான் எண்ணினார். இரண்டாம் தலைமுறை விதைகள் 7,324. அதில் உருண்டை 5,474, சுருக்கம் விழுந்தது 1,850. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் அவ்வளவு பெரிய எண்ணிக்கையில்தான் முகம் காட்டும். கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கத்தரிக்குமேல் இடமில்லை. நான்கில் ஒன்றாக வரக்கூடிய குணம் ஒன்றை மட்டும் கேட்டால் எப்படியும் கிடைத்துவிடும். அப்படி மூன்று குணங்களை ஒரே செடியில் கேட்டால் அறுபத்துநான்கு செடிக்கு ஒன்று. பன்னிரண்டு செடி வைக்கிறவன் கண்ணில் அது படுவதற்கு ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு. அதனால் கொல்லையில் ரகம் தேடுகிறவன் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று கேட்கலாம், மிஞ்சிப்போனால் இரண்டு. மற்றதெல்லாம் வந்தது வரவு.

லூதர் பர்பாங்க் 1870களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸில் தம் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் ஒரு விதைக்காயைக் கண்டெடுத்தார். அந்த ரகத்தில் காய் பிடிப்பதே அரிது. உள்ளே இருந்தவை இருபத்துமூன்று விதைகள். அத்தனையும் முளைத்து, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் கிழங்கு வைத்தன. அதில் ஒன்றின் வழி வந்ததுதான் இன்று அமெரிக்காவில் பரவலாகப் பயிராகிற நீளக் கிழங்கு. கிழங்கின் உரிமையை அவர் 150 டாலருக்கு விற்றார் என்பதைப் படிக்கிறபோது பலர் அந்தத் தொகையைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு அந்த இருபத்துமூன்றுதான் தைரியம் தருகிறது. ஒரு கொல்லைக்குள் அடங்குகிற எண்ணிக்கை அது. ஆனால் உருளைக்கு ஒரு வசதி உண்டு. பிடித்த செடி ஒன்று கிடைத்துவிட்டால் கிழங்கை வெட்டி நட்டு அதையே பெருக்கிக்கொள்ளலாம். கத்தரி விதையில் போகிற பயிர். பிடித்த செடியைத் தன் மகரந்தத்தாலேயே காய்க்கவிட்டு, அதன் பிள்ளைகளில் பொறுக்கி, மறுபடி பொறுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதியாகக் குறையும். ஆறு தலைமுறை தாண்டினால் அறுபத்துநான்கில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு பட்டம் என்று வைத்தாலும் மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் எதை நம்பிப் பொறுக்குவது?

வீடுகளில் விதைக்கு விடுகிற வழக்கத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். நல்ல காயெல்லாம் குழம்புக்குப் போய்விடும். பட்டம் முடிகிற நேரத்தில், இலை மறைவில் கண்ணுக்குத் தப்பி முற்றிப்போன காய் விதைக்காகும். வருஷக்கணக்கில் இப்படிச் செய்தால், பின்தங்கிக் காய்ப்பதையும் மறைந்து காய்ப்பதையுமே நாம் தெரியாமல் பொறுக்கிக்கொண்டிருப்போம். முன்னெல்லாம் கெட்டிக்காரப் பெண்கள் முதல் பறிப்பிலேயே ஒரு காயில் துணியைக் கட்டி, இதைத் தொடாதே என்று பிள்ளைகளை அதட்டி வைத்தது இதற்காகத்தான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காயைப் பார்க்கக் கூடாது, செடியைப் பார்க்க வேண்டும். ஒரு செடியில் எல்லாவற்றையும்விடப் பெருத்த காய் என்பது பெரும்பாலும் அது காய்த்த இடத்தின் விசேஷம், அந்த வாரம் கிடைத்த தண்ணீரின் விசேஷம். ஜோஹான்சன் என்கிற டென்மார்க்கு அறிஞர் 1903இல் பீன்ஸை வைத்து இதைக் காட்டினார். ஒரே விதையின் வழியில் வந்த பீன்ஸில் கனத்ததைப் பொறுக்கி விதைத்தாலும், சிறுத்ததைப் பொறுக்கி விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி எடை ஒன்றுதான். அதனால் கத்தரியிலும் ஒரு செடியின் காய் இரண்டைச் சமைத்துப் பார்த்துவிட்டு, அதே செடியின் மூன்றாவது காயை நம்பி விதைக்கு விடலாம். மூன்றும் ஒரே தாயின் சதை.

ஆனால் சமைத்துப் பார்ப்பது என்பது அவ்வளவு சுலபமாக இல்லை. புளியும் மிளகாய்த்தூளும் போட்ட பிறகு காய் தன்னைப்பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். உப்பு மட்டும் போட்டு வேகவைத்துத் தின்ன வேண்டும், அல்லது தணலில் சுட்டுத் தோலை உரித்து நாக்கில் வைக்க வேண்டும். வெட்டிய துண்டைத் தண்ணீரில் போடாமல் வெளியில் வைத்தால் எவ்வளவு நேரத்தில் கறுக்கிறது என்பதும் ஒரு தகவல். கறுப்பைத் தருகிற பொருள்களே நாக்கில் லேசான துவர்ப்பையும் தருகின்றன. என் முள்ளில்லாத செடியின் காய் மெதுவாகத்தான் கறுக்கிறது. அப்படியானால் எனக்குக் குறைவதாகப் படுவது அந்தத் துவர்ப்புதானா? இருக்கலாம். ஆனால் அதே செடியின் காய் வெயில் காலத்தில் பறித்தால் ஒரு மாதிரி, மழைக்குப் பிறகு ஒரு மாதிரி, ஒரு வாரம் முற்றவிட்டால் வேறு மாதிரி. இந்தத் தள்ளாட்டத்துக்கு நடுவே முள் என்ன செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கத்தரியின் காட்டு மூதாதை இன்றைக்கும் இந்தியாவில் வேலியோரத்தில் முளைக்கிறது. சின்னக் காய், உடம்பெல்லாம் முள், வாயில் வைக்க முடியாத கசப்பு. அதற்கு முள்ளும் காவல், கசப்பும் காவல். இரண்டையும் மனிதன் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றியிருக்கிறான். முள்ளைக் காவலுக்கு வைத்துக்கொண்ட ரகம் கசப்பை எளிதாக விட்டுக்கொடுத்ததோ என்று ஒரு ராத்திரி தோன்றியது. காலையில் அந்த யோசனை நிற்கவில்லை, செடி அப்படிக் கொடுக்கல் வாங்கல் பார்த்து வளருவதில்லை. முள்ளுக்கான மரபணுவும் ருசிக்கான ஏதோ ஒன்றும் ஒரே குரோமோசோமில் அக்கம்பக்கமாக அமைந்து சேர்ந்தே பயணப்படுவது நடக்கக்கூடியதுதான். அப்படி இருந்தால் சந்தைக்காரர்கள் சொல்வது சரி. அதைப் பிரித்துப் பார்க்க நூற்றுக்கணக்கான செடியும், யார் காய் என்று தெரியாமல் தின்கிற பல நாக்கும் வேண்டும். என்னிடம் ஒரு கொல்லையும், முன்முடிவு ஏறிய ஒரு நாக்கும் இருக்கின்றன.

நாக்கு சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசக் கூடாது. சுரையிலும் பூசணியிலும் விதை எடுத்துப் போடுகிறவர்கள் காயின் ஒரு சின்னத் துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே சமைக்க வேண்டும். கசந்தால் துப்பிவிட்டு, செடியோடு பிடுங்க வேண்டியதுதான். அந்தக் கசப்பு விஷம். வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிர் விட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. காய் கசந்தால் பக்கத்து வேலியில் பூத்த பேய்ச்சுரையின் மேல் பழி போடுவது கிராமத்து வழக்கம். பழி சரிதான், வருஷம்தான் தப்பு. இந்த வருஷத்துக் காயின் சதை முழுக்கத் தாய்க்கொடியினுடையது, வேற்று மகரந்தம் அதை மாற்றாது. உள்ளே இருக்கிற விதை மட்டும்தான் கலப்பு, அது அடுத்த வருஷம் முளைத்துக் காய்க்கிறபோதுதான் தன் தகப்பனைக் காட்டும். மக்காச்சோளத்திலோ அந்த வருஷமே கதிரில் இரண்டு நிற மணி தெரியும், ஏனென்றால் அங்கே நாம் தின்பதே விதையை. சுரையின் பூ சாயங்காலம் மலர்கிறது, அந்திப்பூச்சி எந்த வேலியிலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாது. விதைக்கு விடுகிற பூவை மலர்வதற்கு முன்பே கட்டிவைத்து, கையால் மகரந்தம் தொட்டு, மறுபடி கட்டுவது ருசிக்காகச் செய்கிற காரியம் மட்டும் அல்ல.

கசப்பைப் பிடுங்கும்போது எனக்குத் தயக்கம் வந்ததே இல்லை. மற்றதைப் பிடுங்கும்போதுதான். விதை உற்பத்திக்காரர்கள் வயலில் மாறுபட்ட செடியைக் கலவன் என்பார்கள். கலவன் எடுப்பது விதைப் பண்ணையில் முக்கியமான வேலை. நோய் கண்டதை எடுப்பதில் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. கலவன் பல நேரம் எல்லாச் செடியையும்விட வாட்டசாட்டமாக, காயும் பூவுமாக நிற்கும். அதன் குற்றம் மற்றதைப்போல இல்லாததுதான். என் கத்தரிக் கூட்டத்தில் வெளிறிய காய் காய்க்கிற செடி ஒன்று இருந்தது. நான் தேடுகிற நிறம் இல்லை, வடிவமும் இல்லை. பிடுங்குவதற்குக் குனிந்தபோது வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார்: "ஏன் தம்பி, காய்க்கிற செடிய யாராச்சும் புடுங்குவாங்களா?" இது கலவன் பெரியம்மா, ரகத்தோடு சேராது என்றேன். "எந்த ரகத்தோட? எனக்கு இந்த வெள்ளைக் காய்தான் வேணும். அது கூட்டுக்கு நல்லா இருக்கு. வெத விடு." முந்தின வாரம் நான் கொடுத்த காயில் வெள்ளையை மட்டும் தனியாகச் சமைத்துப் பார்த்திருக்கிறார். எண்ணெய்க் கத்தரிக்காய் அவர் வீட்டில் செய்வதில்லை, டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லி நாளாகிறது. பருப்போடு சேர்ந்து கரையாமல் நிற்கிற காய்தான் அவருக்கு நல்ல காய். நான் ருசி ருசி என்று சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு வாணலியின் ருசியை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தச் செடியை விட்டுவைத்தேன். அதிலிருந்து அவரே விதை எடுத்துக்கொண்டார்.

ரகம் என்றால் என்ன என்று நம் சட்டத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது. 2001இல் வந்த பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி ஒரு ரகத்தைப் பதிவுசெய்யத் தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை மூன்றையும் காட்ட வேண்டும். விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயரிட்டு முத்திரை குத்தாமல் விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த இரண்டாவது பகுதி எனக்கு மிகவும் வேண்டியது. முதல் பகுதியில் சீர்மை என்ற சொல்லிடம் வந்து நான் நின்றுவிடுகிறேன். பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றுகிறவருக்கு எல்லாக் காயும் ஒரே அளவாக இருப்பது அவசியம். நட்ட அத்தனையும் ஒரே நாளில் அறுவடைக்கு வராவிட்டால் விவசாயிக்குக் கூலி கட்டாது. கொல்லைக்கு இது எதுவும் இல்லை. ஒன்று முந்திக் காய்த்து ஒன்று பிந்திக் காய்த்தால் வீட்டுக்கு லாபம்தான். எப்போதும்வென்றான் என்று தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு ஊர். அந்த ஊர் முருங்கையை எடுத்துப் பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் தலைமுறை தலைமுறையாகத் தன்மகரந்தச் சேர்க்கை செய்து பொறுக்கியதுதான் பிகேஎம் 1 என்கிற செடிமுருங்கை. போத்து நட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த இடத்தில், விதை போட்டு அதே வருஷம் காய் பறிக்க முடிந்தது. எத்தனையோ குடும்பங்கள் அதனால் பிழைத்தன, அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் ஊர் முருங்கைக் கூட்டத்திலிருந்து ஒரு வழியைப் பிரித்தெடுக்கிறபோது மற்ற வழிகள் என்ன ஆயின என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. எங்கோ ஒரு வீட்டுப் பின்புறத்தில், காய் குட்டையாக, ஆனால் கீரை அவ்வளவு இளசாக ஒரு மரம் நின்றிருக்கும். அதைப் பொறுக்க அங்கே யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் பொறுக்காமலே விட்டுவிடலாமா என்றால், அதுவும் முடியாது. பெயர் சொல்லி ஒருவருக்கு விதை கொடுக்கிறபோது அந்தப் பெயருக்குள் ஒரு வாக்கு இருக்கிறது. வெள்ளைக் கத்தரி என்று சொல்லிக் கொடுத்து, அவர் தண்ணீர் ஊற்றி, பூச்சி பார்த்து, மூன்று மாதம் கழித்துக் காய்ப்பது ஊதாவாக இருந்தால் அவருடைய ஒரு பட்டம் போய்விட்டது. பெரியம்மா எடுத்துப்போன விதையிலும் கொஞ்சம் சிதறும். அதைச் சொல்லித்தான் கொடுத்தேன், பிடித்ததை வைத்துக்கொள்கிறேன் என்றார். எவ்வளவு சீர்மை போதும் என்பதைக் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். நிறத்தில் வாக்கு கொடுக்கலாம், கசக்காது என்பதில் கட்டாயம் கொடுக்க வேண்டும். உயரம், காய்க்கிற நாள், காம்பின் நீளம் இதெல்லாம் கலந்தே கிடக்கட்டும். ஒரு வருஷம் மழை பொய்த்தாலோ வாடல் வந்தாலோ, அந்தக் கலப்பில் ஏதாவது ஒன்று தாக்குப்பிடிக்கும். ஆனால் முள் எந்தக் கணக்கில் சேரும்? அது பறிக்கிற கையைப் பொறுத்தது, ருசியோடு ஒட்டியிருந்தால் தின்கிற வாயையும் பொறுத்தது.

இதைக் கொஞ்சமாவது தெளிவுபடுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. சுண்டைச் செடியின் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டலாம், வாடல் நோய்க்குப் பயந்து பல விவசாயிகள் இப்போது அப்படித்தான் நடுகிறார்கள். சுண்டை மெதுவாக வளருவதால் முன்கூட்டியே விதைக்க வேண்டும், தண்டு பென்சில் தடிமனுக்கு வந்ததும் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, ஆப்புபோலச் சீவிய கத்தரிக் கொழுந்தைச் செருகி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கி, ஈரம் காயாத நிழலில் ஒரு வாரம் மூடிவைக்க வேண்டும். முள்ளில்லாத என் செடியின் கொழுந்தும் அதன் பாட்டியான முள் கத்தரியின் கொழுந்தும் அடுத்தடுத்த சுண்டை வேரில், ஒரே பாத்தியில், ஒரே தண்ணீரில் நின்றால் மண்ணின் மேலும் பருவத்தின் மேலும் பழி போட முடியாது. பூ மலர்ந்த நாளை நூல் நிறத்தால் குறித்துக்கொண்டு, ஒரே வயதுக் காயைப் பறித்து, காம்பை நறுக்கி எறிந்துவிட்டுப் பெரியம்மாவிடம் கொடுக்கலாம். அவர் எது எது என்று சொல்லாமல் உப்புப் போட்டு வேகவைத்துத் தருவார், எங்கள் இரண்டு வீட்டுக்காரர்களும் தின்று பார்ப்போம். இதனால் முள்ளுக்கும் ருசிக்கும் உள்ள சம்பந்தம் தெரிந்துவிடாது. இந்த ஒரு செடியில் குறை இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். சுண்டை நாற்று இப்போது நாலு இலை விட்டிருக்கிறது. பெரியம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: வேகவைப்பது அவர் பொறுப்பு, முள்ளுச் செடியில் பறிப்பது என் பொறுப்பு.